வெண்டல் ஐயரின் தகப்பனாருக்குக் கிடைத்த பதவி உயர்வுகள்

கடலூருக்கு நான் கொண்டுபோனது ஓர் உறை. உள்ளே ஒரே ஒரு தாளின் நகல். ஜெர்மனியில் நான் வசிக்கும் சிறு ஊரின் தேவாலயத்துப் போதகர் அதை என் கையில் கொடுத்தார். "ஒரு திருமணத்துக்குச் சென்னை போகிறீர்கள். கடலூர் பக்கத்தில்தானே இருக்கிறது?" என்று கேட்டார் அந்த அம்மையார். அவருடைய வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான் இருந்தது.

எங்கள் ஊரில் பிறந்த ஹென்றிக் வெண்டல் என்பவர் கும்பினி காலத்தில் கப்பலேறிக் கடலூருக்குப் போனார். மிஷனெரியாக இருந்து அங்கேயே இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். ஜெர்மனியில் அவரை யாருக்கும் தெரியாது. கடலூரில் ஒரு சபை அவரை வெண்டல் ஐயர் என்று அழைத்து, ஆண்டுதோறும் அவருக்கு நினைவு நாள் கொண்டாடுகிறது. அங்கிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஐயருடைய பிறப்பு, குடும்பம், வளர்ப்பு பற்றி உங்கள் பதிவேடுகளில் ஏதேனும் இருந்தால் தெரிவிக்கவும். கீழே, எஸ்தர், கணித ஆசிரியை.

போதகர் தேடினார். கிடைத்தது. தபாலில் அனுப்பத் தயங்கினார். "இதை நேரில் சொல்ல வேண்டும்," என்றார். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் ஒரு நாளிதழில் பதினெட்டு ஆண்டுகள் செய்தி திருத்தியவன். தமிழும் வரும், கெட்ட செய்தியும் பழக்கம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

இது 2008 பெப்ரவரி. கடலூர் வழியாகப் போகும் ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று ரயிலை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆகவே வியாழக்கிழமை காலை பேருந்தில் போய் இறங்கினேன். மஞ்சக்குப்பத்து விடுதி எழுத்தர் என் கடவுச்சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஜெர்மனிங்களா?"

"ஓம்."

"பேரு தமிழ்ப் பேரா இருக்குது."

"ஓம்."

"பேச்சு மலையாளம் மாதிரி இருக்குதே."

யாழ்ப்பாணம் என்றேன். அவர் சற்று யோசித்தார். பதிவேட்டில் நாடு என்ற கட்டத்தில் ஜெர்மனி என்றும், எங்கிருந்து வருகிறார் என்ற கட்டத்தில் சென்னை என்றும், வந்த காரணம் என்ற கட்டத்தில் கோயில் என்றும் எழுதினார். மூன்றும் உண்மைதான். சேர்த்துப் படித்தால் வேறு யாரோ ஒருவர் வந்து தங்கியது போல இருந்தது.

மதியம் பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு. இலையில் சோறு, சங்கரா மீன் குழம்பு, வறுத்த நெத்திலி. பரிமாறியவர் இன்னும் சோறு வேண்டுமா என்று கேட்கவில்லை. வைத்துவிட்டு, அதன் பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஜெர்மனியில் இரண்டாவது தடவை சோறு கேட்டால் உள்ளே போய் முதலாளியைக் கேட்டுவிட்டு வருவார்கள். குழம்பில் யாழ்ப்பாணத்தைவிட உறைப்பு குறைவு, புளி ஜாஸ்தி. ஜாஸ்தி என்ற சொல் எனக்கு அந்த மெஸ்ஸில்தான் ஒட்டிக்கொண்டது.

முதுநகர் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு ஓட்டுநரின் இருக்கையில் பாதி கிடைத்தது. பிரேக் பிடிக்க வேண்டிய இடங்களில் அவர், "சார், காலை எடுங்க," என்று சொல்லிவிட்டுப் பிடித்தார். வெண்டல் ஐயர் கோயில் என்றபோது அவருக்கு விளங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண்மணி, "எலும்பு ஐயர் கோயில்பா," என்றார். விளங்கிவிட்டது.

ஐயர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பெயர் பெற்றவராம். கோயிலின் பக்கவாட்டில் அவருடைய கல்லறை. நான் போனபோது கையில் மாவுக்கட்டுடன் ஒருவர் அங்கே நின்றிருந்தார். நெற்றியில் திருநீறு. கட்டைக் கல்லின்மேல் ஒரு நிமிடம் வைத்தார். பிறகு எக்ஸ்ரே உறையையும் எடுத்து வைத்தார்.

எஸ்தர் ஸ்கூட்டியில் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்னால் விடைத்தாள் கட்டு. கூடவே சபையின் ஆயரும் வந்தார். இளைஞர். வணக்கம் சொன்ன கையோடு, "எனக்கு ஜூன்ல டிரான்ஸ்பர்," என்று தெரிவித்தார். எதற்கும் அவர் பொறுப்பல்ல என்பதை அவருடைய பாணியில் சொல்கிறார் என்று பின்னால் புரிந்தது.

நினைவு நாள் வரும் ஞாயிற்றுக்கிழமை. அன்று ஐயருடைய சரித்திரத்தை வாசிப்பார்கள். பதினாறு பக்கம். அதற்கென்று ஒரு முறை உண்டு, எஸ்தர் அதை ஒரு தேற்றம் போலப் படிப்படியாக விளக்கினார். வாசிப்பவருக்குக் கண்ணோ குரலோ விடும்வரை அது அவருடைய உரிமை. புதிதாக வருபவர் பழையவரின் பிரதியைப் பார்த்துத் தன் கையால் முழுவதையும் எழுத வேண்டும். அச்சடிக்கக் கூடாது, ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது. அவர் வாசிக்கும்போது பழையவர் பழைய பிரதியை வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து ஒப்பிடுவார். சரியாக இருந்தால் எல்லாருக்கும் முன்னால் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்தால் புதியவருக்கு உரிமை வந்துவிடும். விழாவிட்டால் அவர் அன்றைக்கு ஒரு நாள் வாசித்தவர், அவ்வளவுதான்.

இந்த ஆண்டு வாசிக்கப் போவது எஸ்தர்.

"இதுவரைக்கும் ஒரே குடும்பம்தான் சார் வாசிச்சாங்க. வலது பக்கத்துக் குடும்பம்," என்றார்.

பேசிக்கொண்டே கோயிலுக்குள் போயிருந்தோம். நடுவில் வழி, இரு பக்கமும் பெஞ்சுகள், ஒரே மாதிரி.

"இடது பக்கம் நாங்க உக்காருவோம். வலது பக்கம் அவுங்க. சட்டமெல்லாம் கிடையாது, பழக்கம். எங்க தாத்தா இங்க மணியடிச்சவரு. மணி அடிக்கலாம், கூட்டலாம், வாசிக்க முடியாது." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "இப்ப வாசிக்கிறவரு ராஜமாணிக்கம் ஐயா. கண் ஆபரேஷன் சரியா வரலை, சிதம்பரத்துல மகன் வீட்டோட போயிட்டாரு. அவர் புள்ளைங்க யாருக்கும் ஆசை இல்ல. கமிட்டில ஓட்டுப் போட்டாங்க. ஒரு ஓட்டு வித்தியாசத்துல எனக்கு வந்துச்சு."

"அந்த ஒரு ஓட்டு யாரோடதுன்னு இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க," என்றார் ஆயர். "எனக்கு ஜூன்ல டிரான்ஸ்பர்."

சரித்திரத்தின் முதல் வரிகள் எஸ்தருக்கு மனப்பாடம். சிறு வயதிலிருந்து இடது பக்கத்திலிருந்து கேட்டவை. ஜெர்மனி தேசத்தில் உயர்குலத்தில் உதித்த தலைமை நீதிபதி ஒருவரின் அருமைக் குமாரனாக ஐயர் அவதரித்தார். "தலைமை நீதிபதின்னு இருக்குது, பேரு இல்ல. முதல் தடவையா வாசிக்கிறோமே, பேரையாவது சேர்த்துக்கலாமான்னு ராஜமாணிக்கம் ஐயாவைக் கேக்கலாம்னுதான் லெட்டர் போட்டேன். கிடைச்சுதா சார்?"

உறையைப் பிரித்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு பக்கம். தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். குழந்தை ஹென்றிக். தகப்பன் யோஸ்ட் வெண்டல், இவ்வூரின் அலுகோசு.

இருவருக்கும் விளங்கவில்லை. இலங்கையில் எல்லாருக்கும் தெரிந்த சொல். தூக்குப் போடுகிறவர் என்றேன்.

தலைக்கு மேல் மின்விசிறி நின்றது. மின்வெட்டு. செய்திக்கும் அதற்கும் தொடர்பில்லை.

"ஜட்ஜ் இல்லையா?" என்றார் ஆயர்.

ஜட்ஜ் சொன்னதைச் செய்தவர் என்றேன். மீதியையும் சொல்லித்தானே ஆக வேண்டும். அந்தக் காலத்து ஜெர்மன் ஊர்களில் அந்தத் தொழில் செய்பவரை யாரும் தொட மாட்டார்கள். தேவாலயத்தில் அவருக்குக் கடைசியில் தனி இருக்கை. மதுக்கடையில் தனி முக்காலி, தனிக் குவளை. அவர் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு பள்ளியில் உட்கார வைக்க மாட்டார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பக்கத்து ஊர்களில் அதே தொழில் செய்யும் குடும்பங்களோடு மட்டும். பதிவேட்டில் குழந்தைக்கு ஞானப்பெற்றோர் மூன்று பேர். மூவரும் மூன்று ஊர்களின் அலுகோசுகள். வேறு யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

இதை ஜெர்மனியில் சொல்லும்போது அரை மணி நேரம் விளக்க வேண்டும். கடலூரில் எஸ்தர் இரண்டாவது வாக்கியத்திலேயே தலையாட்டத் தொடங்கினார்.

"தூக்கு தினமும் இருக்காதே. மத்த நாள்ல?"

மற்ற நாட்களில் ஊரில் செத்த மாடு, குதிரைகளை அகற்றித் தோலுரிப்பது. அதுவும் அவர் வேலைதான், பதிவேட்டில் அடுத்த சொல் அதுதான்.

"அதுவுமா?"

அதுவும் என்றேன்.

எஸ்தர் தாளை வாங்கிப் பார்த்தார். ஜெர்மன் கையெழுத்தில் ஓர் எழுத்துகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க தாத்தாவோட அப்பா செஞ்ச வேலை," என்றார்.

எலும்பு கட்டும் கலையும் அங்கிருந்துதான் வந்தது. உடம்பின் மூட்டுகளை அந்தக் காலத்தில் அலுகோசைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. பகலில் விலகி நடந்த ஊரார் கை ஒடிந்தால் பின்வாசல் வழியாக அவரிடம்தான் போனார்கள். பையன் அப்பாவின் பக்கத்தில் நின்று கற்றிருக்கிறான். தன்னைத் தெரியாத ஊருக்குப் போய்ப் படித்து, தொழிலை மறைத்து, போதகராகி, கடல் தாண்டிவிட்டான். எங்கள் தேவாலயத்தில் அவர் கடலூரிலிருந்து தகப்பனுக்கு எழுதிய கடிதம் ஒன்றும் இருக்கிறது. அதில் ஊழியத்தைப் பற்றி நான்கு வரி. மீதி முழுவதும், அந்தக் களிம்பில் என்னென்ன எவ்வளவு சேர்ப்பீர்கள் என்ற விசாரணை.

அவர்கள் இருந்த வீடு இப்போதும் இருக்கிறது, பீட்சாக் கடையாக. மாலையில் போனால் உட்கார இடம் கிடைக்காது என்றேன். எஸ்தர் சிரிக்கவில்லை.

"தபால்ல வந்திருந்தா கிழிச்சிப் போட்டிருப்பேன் சார்," என்றார்.

வெள்ளிக்கிழமை, பழைய பிரதியை வாங்குவதற்காக எஸ்தர் விடுப்பு எடுத்துக்கொண்டு சிதம்பரம் புறப்பட்டார். நானும் போனேன். கடலூர்ப் பேருந்துகளில் ஓட்டுநர் தான் கேட்க விரும்பும் பாட்டை ஊர் முழுவதும் கேட்கும் அளவில் வைக்கிறார். தொழிற்பேட்டையைத் தாண்டும்போது ஜன்னலோரம் இருந்தவர்கள், பேச்சை நிறுத்தாமலே, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தாண்டியதும் கையை எடுத்தார்கள். பாடல் ஒன்றில் வரும் கைத்தாளம் போல எல்லாரும் ஒரே நேரத்தில் செய்தார்கள்.

ஆலப்பாக்கம் தாண்டி டயர் வெடித்தது. மாற்று டயரைக் கழற்றிப் பார்த்தபோது அதிலும் காற்றில்லை. நடத்துனர், "பின்னாடி வர்ற வண்டில ஏத்தி விடறேன்," என்றார். பின்னாடி வந்த இரண்டு வண்டிகளும் நிற்கவில்லை. ஜெர்மனியில் ரயில் ஆறு நிமிடம் தாமதமானால் மேடையில் இருப்பவர்கள் முகம் பார்த்துப் பேசாமல் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே கால் மணி நேரத்துக்குள் எனக்குப் பேருந்தில் இருந்த பாதிப் பேரின் ஊர், பிள்ளைகளின் படிப்பு, சர்க்கரை அளவு தெரிந்துவிட்டன. என் சம்பளம் மட்டும் அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எஸ்தர் தன் கணவருக்குப் போன் செய்தார். செல்வம் சொந்தமாக ஒரு சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறவர். ஊரில் அதைக் குட்டி யானை என்கிறார்கள். கிள்ளைக்கு ஐஸ் கொண்டுபோய் மீன் ஏற்றி வருவது வேலை. அவர் வந்ததும் நடத்துனரைப் பார்த்து, "என்னா மச்சான், ஸ்டெப்னிக்கும் காத்து இல்ல, உனக்கும் காத்து இல்ல போல," என்றார். நடத்துனர், "நீ ஏத்திக்கினு போ மச்சான், வாயை மூடு," என்றார்.

முன்னால் ஓட்டுநரைத் தவிர ஒருவருக்குத்தான் இடம். எஸ்தர் அதில் உட்கார்ந்தார். நான் பின்னால் காலி மீன் பெட்டிகளோடு. "பெட்டில உக்காருங்க சார், ஃபர்ஸ்ட் கிளாஸ்," என்றார் செல்வம்.

சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்புறத் தெரு ஒன்றில் வீடு. ராஜமாணிக்கம் எழுபத்தெட்டு வயதில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்தில் சிரஸ்ததாராக ஓய்வு பெற்றவர். அலுவலக எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர், நீதிபதிக்கு ஒரு படி கீழே. முகத்தை எங்கள் பக்கம் திருப்பி மூச்சை இழுத்தார்.

"டீச்சர் வந்துட்டியா. கூட யாரு, மீன்காரரா?"

"இல்லைங்க ஐயா. ஜெர்மனியிலேர்ந்து வந்திருக்காரு."

"அங்கயும் மீன் புடிக்கிறாங்களா?"

மருமகள் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் கொண்டு வந்தார். சிதம்பரம் கொத்சு பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். சுட்ட கத்தரிக்காயின் புகை மணம் நாக்கின் பின்பக்கம் வந்து சேர்வதற்குள் இரண்டு இட்லி போய்விடுகிறது. எனக்கு எவர்சில்வர் தட்டு. எஸ்தருக்கும் செல்வத்துக்கும் பாக்குமட்டைத் தட்டு. "விசேஷத்துக்கு வாங்கினது மிச்சம் இருந்துச்சு," என்றார் மருமகள். அந்தத் தட்டு அடுக்கு, சமையலறை வாசல் வழியாகத் தெரிந்தது. மூன்று பேருக்கும் போதுமான அளவு மிச்சம் இருந்தது.

ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார்கள். ராஜமாணிக்கத்தின் பிரதியோடு அதற்கு முந்தைய நான்கும் இருந்தன. தலைமுறைக்கு ஒன்று. அவர் தன் தகப்பனாருடையதை மட்டும் பார்த்து எழுதியவர். அதற்கு முந்தையவற்றைப் புரட்டியதில்லை, புரட்ட வேண்டிய தேவையும் முறைப்படி இல்லை. ஐந்தையும் ஒரு மேசையில் வரிசையாக வைத்தேன். வெவ்வேறு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் பழைய வேலை.

எஸ்தர் பழையதிலிருந்து வாசித்தார். முதல் பிரதியை எழுதியவர் ஐயர் வீட்டுக் குசினிக்காரர் ஞானமுத்து. அதில் ஐயருடைய தகப்பனார் ஊர்ச் சேவகம் செய்தவர். அடுத்தவர் கிராமத்துக் கணக்கு எழுதியவர். அவர் பிரதியில் தகப்பனார் தாசில்தார். மூன்றாமவர் துறைமுகத்தில் எழுத்தர். அதில் தகப்பனார் துறைமுக அதிகாரி. ஐயர் பிறந்த எங்கள் ஜெர்மன் ஊரிலிருந்து கடலுக்கு ரயிலில் ஐந்து மணி நேரம். நான்காவது ராஜமாணிக்கத்தின் தகப்பனாருடையது. அவர் கோர்ட்டில் அமீனா, வீடு ஜப்தி செய்யப் போகிறவர். ஐயரின் தகப்பனார் சிரஸ்ததார் ஆகியிருந்தார். ஐந்தாவது, சிரஸ்ததார் ராஜமாணிக்கம் எழுதியது. தலைமை நீதிபதி, உயர்குலம்.

ஒவ்வொருவரும் தன்னைவிட ஒரு படி மேலான பதவியை ஐயரின் தகப்பனாருக்குக் கொடுத்திருந்தார். தங்களுக்கு மேலே அவர்கள் பார்த்திருந்தது அந்த ஒரு படியைத்தான்.



"அப்ப எங்கப்பா பொய் எழுதுனாரா?" என்றார் ராஜமாணிக்கம்.

"இல்லைங்க ஐயா," என்றார் எஸ்தர். "ப்ரமோஷன் குடுத்திருக்காரு."

அவர் யோசித்தார். "சீனியாரிட்டில வந்திருக்கும்," என்றார். சிரிப்பு இல்லை.

நான் உறையில் இருந்ததைச் சொன்னேன். செத்த மாடு வரை சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "என் சர்வீஸ்ல ரெண்டு தூக்கு ஆர்டர்," என்றார். "கையெழுத்துப் போட்டதும் ஜட்ஜ் ஐயா பேனா நிப்பை மேசையில குத்தி ஒடிச்சிடுவாரு. அது வழக்கம். எழுந்து போயிடுவாரு. ஒடிஞ்ச நிப்பைப் பொறுக்குறது நான். அன்னைக்கு வீட்டுக்குப் போயி குளிச்சிட்டுத்தான் சாப்புடுவேன்."

எஸ்தர் கேட்டார். "நான் என்னாங்க ஐயா எழுதட்டும்?"

"என் காப்பில இருக்கறதை எழுது. எழுத்து மாறக் கூடாது. மாறுனா கையெழுத்து இல்ல."

"நீங்க மாத்தியிருக்கீங்களே ஐயா."

"நான் மாத்தலை. திருத்தமா எழுதுனேன்." பிரதியை அவரே எடுத்துக் கொடுத்தார். "ஞாயித்துக்கிழம காரு வெச்சிக்கிட்டு வரேன். காது நல்லா கேக்குது, ஞாபகம் வெச்சிக்கோ."

திரும்பும் வழியில் செல்வம்தான் பேசினார். பின்னால் இருந்த எனக்கும் கேட்கட்டும் என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பேசினார். வண்டி சாலையின் நடுவில் போனது. "எஸ்தரு, எதுக்கு வம்பு? நீ டீச்சரு. அவுங்க கணக்குப்படி நீ ஹெட்மாஸ்டருனு போட்டுடு. எல்லாருக்கும் சந்தோசம்."

"ரோட்டைப் பாருங்க," என்றார் எஸ்தர்.

சனிக்கிழமை மாலை அவர்கள் வீட்டுக்குத் தேநீருக்குப் போனேன். எஸ்தர் சாப்பாட்டு மேசையில் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கரும்பலகை எழுத்து. மற்றப் பதினைந்து பக்கமும் முடிந்துவிட்டன. முதல் பக்கத்தில் மட்டும் ஐந்து வரி இடம் விட்டிருந்தார்.

"உள்ளதை எழுதுனா என்னா சொல்வாங்க தெரியுமா சார்? பாரு, ஐயரை அவ ஜாதிக்கு இழுத்துட்டாம்பாங்க. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஒரு தடவை குடுத்தோம், இப்படிப் பண்ணிட்டாம்பாங்க. எனக்குப் பின்னால இந்தப் பக்கத்துலேர்ந்து இன்னொருத்தருக்குக் குடுக்க மாட்டாங்க."

பழையபடியே எழுதினால் என்று கேட்டேன்.

"கையெழுத்து விழுந்துடும். ஆயுசுக்கும் வாசிக்கலாம்." பேனாவை மூடினார், திறந்தார். "நானேதான் லெட்டர் போட்டுக் கேட்டேன். யாரும் சொல்லலை. விடை வந்தப்புறம் பழைய கணக்கையே போர்டுல எழுதிக் காட்டுறது எப்படி?"

செல்வம் சமையலறையிலிருந்து, "ஹெட்மாஸ்டர்," என்று குரல் கொடுத்தார். நான் புறப்படும்போதும் ஐந்து வரி காலியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள்ளேயே வெளியே பந்தலிலிருந்து பிரியாணி வாசனை உள்ளே வந்துவிட்டது. நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். ஆயர் சைகை காட்டி என்னை ஆர்மோனியத்தின் அருகே ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். அது எந்தப் பக்கத்திலும் சேராது. ராஜமாணிக்கம் வலது முன்வரிசையில் மடியில் தன் பிரதியோடு உட்கார்ந்திருந்தார். பார்க்க முடியாவிட்டாலும் முதல் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்.

எஸ்தர் நீலப் புடவையில் பீடத்தருகே போய் நின்றார். வகுப்பில் வாசிக்கும் குரலில் வாசித்தார்.

"ஜெர்மனி தேசத்தில் ஐயர் பிறந்தார். அவருடைய தகப்பனார் யோஸ்ட் வெண்டல். குற்றவாளிகளைத் தூக்கிலிடுவதும் செத்த மாடுகளை அகற்றித் தோலுரிப்பதும் அவருடைய தொழில். ஊரார் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. கோயிலில் அவருக்குக் கடைசி இருக்கை. ஐயர் எலும்பு கட்டக் கற்றுக்கொண்டது அவரிடம்தான்."

அடுத்த வரிக்குப் போனார். நிறுத்தவில்லை.

வலது பக்கத்தில் ஒருவர் எழுந்தார். "யாரு எழுதிக் குடுத்தது இது? இன்னா டீச்சர், உங்க வீட்டுக் கதையா?"

இடது பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல். "மொதல்ல முழுசாக் கேளுங்க."

"நீ யாரும்மா என்னைக் கேளுன்றதுக்கு?"

ஆயர் மணியைத் தட்டினார். வலது பக்கத்திலிருந்து ஐந்தாறு பேர் எழுந்து வெளியே போனார்கள். எஸ்தர் அவர்கள் செருப்பு மாட்டும் வரை காத்திருந்துவிட்டு மீதியை வாசித்தார். முப்பது நிமிடம் ஆயிற்று. கப்பல், கடலூர், பள்ளிக்கூடம், காய்ச்சல், சாவு, எதிலும் ஓர் எழுத்து மாறவில்லை என்பது ராஜமாணிக்கத்தின் உதட்டிலிருந்து தெரிந்தது. அவர் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ஐந்து வரிகளில் மட்டும் உதடு அசையவில்லை.

முடிந்தது. எஸ்தர் நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து அவர் முன்னால் நின்றார்.

"மாத்திட்டே," என்றார் ராஜமாணிக்கம்.

"ஆமாங்க ஐயா. அஞ்சு வரி."

"மூலம் எங்க?"

எஸ்தருக்கு முதலில் புரியவில்லை.

"என் காப்பிக்கு இது ஒத்து வரலை. அப்ப எதைப் பார்த்து எழுதுன? அந்த மூலம் எங்க? மூலம் இல்லாம ஒப்பிட முடியாது."

நான் எழுந்து உறையைக் கொண்டுபோனேன். எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொன்னார். ஒரு வரி ஜெர்மனில், ஒரு வரி தமிழில். நான் ஒரு வரி சொல்ல, எஸ்தர் தன் நோட்டில் அதற்குரிய வரியைச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் நகலை அப்படித்தான் ஒப்பிடுவார்களாம், ஒருவர் மூலம், ஒருவர் நகல். எனக்குக் கொழும்பு ஞாபகம் வந்தது. அங்கேயும் அப்படித்தான் மெய்ப்புப் பார்த்தோம், ஆனால் நூற்றைம்பது பேர் உட்கார்ந்து கேட்டதில்லை. தகப்பன் பெயர், சரி. தொழில், சரி. இரண்டாம் தொழில், சரி. கடைசி இருக்கையும் எலும்புக் கட்டும் தாளில் இல்லை, அவற்றுக்கு என் வாய்மொழியைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டார். அவர் ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கினார். வெளியே போனவர்களில் இருவர் வாசலில் வந்து நின்றார்கள்.

"அடுத்தது?"

தாய் அன்னா, பக்கத்து ஊர்த் தூக்கிலிடுபவரின் மகள் என்று வாசித்தேன்.

எஸ்தர் நோட்டில் விரலை ஓட்டித் தேடினார்.

"நகல்ல?"

"அது எழுதலைங்க ஐயா. அம்மா பேரு எந்தக் காப்பியிலயும் இல்ல."

"காப்பியை விடு. மூலத்துல இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப எழுது."

வலது பக்கத்தில் ஒருவர், "மாமா, போதும் விடுங்க, அசிங்கமா இருக்குது," என்றார்.

"நீ உக்காரு," என்றார் ராஜமாணிக்கம் திரும்பாமலே. "எழுது டீச்சர். அவ யாரு மக, அதையும் எழுது. விட்டுப்போனா நகல் செல்லாது."

எஸ்தர் பெஞ்சின்மேல் நோட்டை வைத்து, குனிந்து நின்றபடி ஓரத்தில் எழுதினார். வாசித்துக் காட்டினார். இடைச்செருகலுக்குப் பக்கத்தில் ராஜமாணிக்கம் சுருக்கொப்பம் போடச் சொன்னார், எஸ்தர் போட்டார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அவருடைய வலது கையைப் பிடித்து, பேனா முனையை உரிய இடத்தில் வைத்தார். அவர் பெரிய எழுத்தில், கோட்டுக்கு மேலும் கீழும் போய் எழுதினார். மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. கீழே கையெழுத்து, அதற்கும் கீழே சிரஸ்ததார் (ஓய்வு).

இடது பக்கத்தில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். ராஜமாணிக்கம் கையை உயர்த்தி நிறுத்தினார். எழுந்து, கூட்டம் இருக்கும் திசையாக முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஒப்பிட்டேன்னுதான் எழுதியிருக்கேன்," என்றார். "சந்தோசப்பட்டேன்னு எழுதலை."